நூறு மைல் வட்டத்துக்குள் ஓர் இட்லி

வெளியூர் கிளம்பும் தமிழ்க் குடும்பத்தில் டிக்கெட் தொலைந்தால்கூட அவ்வளவு கலவரம் வராது. புளியோதரை டப்பாவின் மூடி தொலைந்தால் வரும். சென்ட்ரலில் கிளம்பிய ரயில் பேசின் பிரிட்ஜைத் தாண்டுவதற்குள் பெட்டியெங்கும் நல்லெண்ணெயும் இட்லிப்பொடியும் மணக்கத் தொடங்கிவிடும். ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் கதை மாறாது. வாரணாசியில் இறங்கியதும் முதல் விசாரணை விசுவநாதர் கோயிலுக்கு வழி எது என்பது. இரண்டாவது, நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்தில் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்குள் சொல்லி வைக்க வேண்டும் என்பது. கங்கைக் கரையில் உட்கார்ந்து, சாம்பாரில் முருங்கைக்காய் இல்லையே என்று கவலைப்பட்ட பக்தர்கள் ஏராளம்.

இந்த விஷயத்தில் கணித மேதை ராமானுஜனை மிஞ்ச ஆளில்லை. சிறு வயதில் கொஞ்ச காலம் காஞ்சிபுரத்தில் படித்த பிள்ளை அவர். 1914-இல் கேம்பிரிட்ஜ் போனவர், கல்லூரிச் சாப்பாட்டு மேசைப் பக்கம் ஒதுங்காமல் தன் அறையிலேயே பொங்கித் தின்றார். மளிகைச் சாமான் ஊரிலிருந்து கப்பலில் வர வேண்டும். அந்த ஆண்டு பார்த்து உலகப் போரும் தொடங்கியது. ஒருமுறை அறைக்கு விருந்துக்கு வந்தவர்கள், மூன்றாம் தடவை பரிமாற வந்தபோது “போதும்” என்றார்கள். மனிதர் மனம் நொந்து, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி ஆக்ஸ்ஃபோர்டுக்கே போய்விட்டார். சமைத்தவரின் கோபத்துக்கு முன்னால் எண் கோட்பாடெல்லாம் எம்மாத்திரம்!

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. போன ஊரில் விளைந்ததை, அந்த ஊர் அடுப்பில் வெந்ததைத் தேடித் தின்பதுதான் நாகரிகம். இத்தாலியில் 1986-இல் ரோம் நகரத்து ஸ்பானியப் படிக்கட்டுகள் பக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் கடை வந்தபோது, கார்லோ பெட்ரினியும் அவருடைய கூட்டாளிகளும் கொடி பிடித்ததோடு நிற்காமல் கிண்ணத்தில் பாஸ்தாவைக் கொடுத்துப் போராடினார்கள். சாப்பாடு போட்டுப் போராட்டம் நடத்துவது நமக்குப் புதிதில்லை; ஆனால் அங்கே அதிலிருந்து ‘ஸ்லோ ஃபுட்’ என்று ஓர் உலக இயக்கமே முளைத்தது. அடுத்து 2005-இல் கனடாவின் வான்கூவரில் அலிசா ஸ்மித், ஜே. பி. மெக்கின்னன் என்ற தம்பதி, வீட்டைச் சுற்றி நூறு மைலுக்குள் விளைந்ததை மட்டுமே ஒரு வருடம் சாப்பிடுவது என்று சபதம் எடுத்தார்கள். கோதுமை அகப்படாமல் உருளைக்கிழங்கோடு மல்லுக்கட்டினார்கள். பிறகு அதைப் புத்தகமாகவும் எழுதினார்கள்.

இதைப் படித்ததிலிருந்து இந்தக் கட்டுரையை எழுதுகிறவருக்குக் கால் தரையில் பாவவில்லை. (இனி அவரைக் கட்டுரைக்காரர் என்றே சொல்வோம். தன்னைப் பற்றித் தானே ‘அவர்’ என்று மரியாதையாகப் பேசிக்கொள்ளும் வாய்ப்பு எல்லோருக்கும் அமையாது.) இனி எந்த ஊருக்குப் போனாலும் உள்ளூர் விளைச்சல்தான் என்று வீட்டில் அறிவித்தார்.

“நம்ம வீட்டுக் கத்தரிக்கா எந்த ஊர்லேர்ந்து வருதுன்னு இதுவரைக்கும் கேட்டிருக்கீங்களா?” என்றார் மனைவி.

இல்லறத்தில் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதே பதில். கட்டுரைக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு செவிலிமேட்டுக்குப் பஸ் ஏறினார். அங்கே அவருடைய அத்தை இருக்கிறார். மாமா பட்டுத்தறி நெய்தவர்.

செவிலிமேடு காஞ்சிபுரத்தின் தெற்கு ஓரம். தாண்டினால் பாலாறு, பாலாற்றைத் தாண்டினால் வந்தவாசி சாலை. முன்பு தனிப் பேரூராட்சி, இப்போது காஞ்சிபுரம் மாநகராட்சிக்குள் அடக்கம். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கட்டுரைக்காரர் வரைபடத்தை விரித்து, செவிலிமேட்டை நடுவில் வைத்து நூறு மைலுக்கு, அதாவது 160 கிலோமீட்டருக்கு, ஒரு வட்டம் போட்டார். பஸ் குலுங்கியதில் வட்டம் கொஞ்சம் கோணினாலும் அகப்பட்டது பெரிய வேட்டை. மரக்காணத்து உப்பு உள்ளே. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் உள்ளே. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் உள்ளே (மனைவிக்கு உடனே போன் செய்து சொல்லலாம் என்று நினைத்து, பிறகு வேண்டாமென்று விட்டார்). ஜவ்வாது மலைச் சாமை, காசிமேட்டு மீன், ஆற்காட்டு மக்கன் பேடா, ஆம்பூர் பிரியாணி எல்லாம் உள்ளே. கோடு திருப்பதியையும் சுற்றி வந்ததால், 2009-லேயே புவிசார் குறியீடு வாங்கிவிட்ட லட்டும் உள்ளூர்ச் சரக்காகிவிட்டது. ஏழுமலையானையே உள்ளூர்க்காரராக்கிய சபதம் வான்கூவரில்கூட நடந்திருக்காது. கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பழநிப் பஞ்சாமிர்தமும்தான் பாவம், வெளிநாட்டுச் சரக்கு.

செவிலிமேட்டில் உள்ளூர்ப் பொருள் என்றால் முதலில் சொல்ல வேண்டியது தண்ணீரை. இங்கே சாலைக்கிணறு என்று ஒன்று இருக்கிறது. பக்கத்தில் வைணவ ஆசாரியர் ராமாநுஜரின் சந்நிதி. குருபரம்பரைக் கதை இது. ராமாநுஜர் இளைஞராக இருந்தபோது ஆசிரியர் யாதவப்பிரகாசர் காசி யாத்திரை என்று சொல்லிச் சீடர்களை அழைத்துப் போகிறார். வழியில் இவரைத் தீர்த்துக்கட்டுவது திட்டம். சித்தி மகன் கோவிந்தன் காதில் போட்டுவிட, ராமாநுஜர் விந்தியக் காட்டில் தனியே விலகி, திக்குத் தெரியாமல் நிற்கிறார். ஒரு வேடனும் வேடுவச்சியும் துணைக்கு வருகிறார்கள். ராத்திரி படுத்து விடியும்போது வேடுவச்சிக்குத் தாகம். பக்கத்துக் கிணற்றிலிருந்து ராமாநுஜர் தண்ணீர் மொண்டு வந்து கொடுக்கிறார். மறுபடி மொண்டு வரப் போனவர் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். எதிரே தெரிவது காஞ்சிபுரத்துக் கோபுரம். வேடனும் வேடுவச்சியுமாக வந்தவர்கள் காஞ்சி வரதராஜப் பெருமாளும் பெருந்தேவித் தாயாரும். அதன் பிறகு வரதரின் அடியார் திருக்கச்சி நம்பிகள் சொன்னபடி அந்தக் கிணற்றுத் தண்ணீரைத் தினமும் சுமந்து போய் வரதருக்குக் கொடுப்பதே ராமாநுஜரின் கைங்கரியமாயிற்று.

பக்தர்கள் இதில் பக்தியைப் பார்ப்பார்கள். சபதம் எடுத்த மனுஷனுக்கு வேறு கண். வேடுவச்சியாக வந்த தாயார் விந்தியத்திலிருந்து ராவோடு ராவாக வந்தவர். வழியில் எத்தனை ஆறு, எத்தனை சுனை! அங்கெல்லாம் தாகம் எடுக்கவில்லை. செவிலிமேட்டுக்கு வந்த பிறகுதான் எடுக்கிறது. உள்ளூர்ச் சரக்கைத் தேடிய பயணிகளின் பட்டியலை யாராவது எழுதினால் முதல் பெயர் அந்த வேடுவச்சியின் பெயராகத்தான் இருக்க வேண்டும்.

இந்தக் கண்டுபிடிப்பை அத்தையிடம் சொன்னதும் அவர் பிளாஸ்டிக் கேனிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். “குடி மருமவனே. கேன் தண்ணி, முப்பது ரூவா.”

மாமா இன்னும் மோசம். பாலாறு கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திராவில் 33 கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் தமிழ்நாட்டுக்குள் வருகிறது என்பது அவருக்குத் தெரியும். மொத்தம் 348 கிலோமீட்டர். நந்தி மலை வட்டத்துக்கு வெளியே. “கெணத்துல ஊறுறதும் பாலாத்து ஊத்துதானே? அப்ப அந்தத் தண்ணி எந்த ஊருன்ற?” என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார். ஆற்றில் மணல்தான் அதிகமாகவும் தண்ணீர் அபூர்வமாகவும் தெரியும் காலத்தில் இந்தக் கேள்விக்கு யாரும் அவசரமாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது இட்லி. இதற்காகத்தானே வந்தது.

காஞ்சிபுரம் இட்லி என்ற பெயரில் மற்ற ஊர் ஓட்டல்களில் தருவது பெரும்பாலும் சாதா இட்லி மாவுதான். நாலு மிளகும் கொஞ்சம் கறிவேப்பிலையும் தாளித்துப் போட்டு, டம்ளரில் ஊற்றி வேகவைத்துவிடுவார்கள். காஞ்சியிலேயே ஓர் ஓட்டலில் அதைக் கேட்ட கட்டுரைக்காரருக்குத் தட்டில் வந்ததும் அதுவேதான், இரண்டு சட்னி, சாம்பாரோடு. அசல் சரக்கு சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாளுக்கு நிவேதனமாகிற குடலை இட்லி. பச்சரிசியும் உளுந்தும் ரவை பதத்துக்கு அரைத்துப் புளிக்கவைத்த மாவு. அதில் சுக்கு, மிளகு, சீரகம், பெருங்காயம், நெய், நல்லெண்ணெய். மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலையைச் சுற்றிப் பரப்பி, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவிடுவார்கள். வெளியே எடுத்தால் முழங்கை நீளத்துக்கு ஒரே இட்லி. அதை வில்லை போட்டுத் தர வேண்டும். பூப்போல, பஞ்சுபோல என்று சொல்லும் வர்ணனையெல்லாம் இதற்குப் பொருந்தாது. கொரகொரப்பு நாக்கில் நிற்கும். மிளகு தொண்டையில் இறங்கும்போது தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே அந்த இலை மணம். இதற்கு எதையும் தொட்டுக்கொள்ள வேண்டாம். கோயில் மடைப்பள்ளிகளில் மிளகாய்க்கும் தக்காளிக்கும் இடமில்லை. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வருகைக்குப் பிறகு நம் சமையலறைக்குள் வந்தவை. நானூறு, ஐந்நூறு வருடம் குடியிருந்தும் பெருமாள் இன்னும் அவற்றுக்கு ரேஷன் கார்டு கொடுக்கவில்லை.

இரண்டு நாள் வைத்திருந்தாலும் கெடாது என்பார்கள். ஆகவே யாத்திரை போகிறவர்களுக்கு வழிச்சாப்பாடு. புளியோதரை டப்பாவுக்குச் சரியான போட்டி.

கோயில் பக்கத்தில் வாங்கிய வில்லையைத் தின்றுவிட்டு, கை மணம் போகுமுன்னே கட்டுரைக்காரர் ஒரு மளிகைக் கடைக்குப் போனார். இட்லிக்குள் போகும் ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்க வேண்டுமாம். கடைக்காரர் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்தார். உணவுத் துறையிலிருந்து வந்தவர் இல்லை என்று தெரிந்ததும் உற்சாகமாகிவிட்டார்.

அரிசி? “நம்ம செய்யாறு, ஆரணிப் பக்கம்.” நிம்மதி. வட்டத்துக்குள். உப்பு மரக்காணம் என்று கட்டுரைக்காரரே எடுத்துக் கொடுத்தார். நல்லெண்ணெயும் பக்கத்து மாவட்டத்து எள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

உளுந்து? “இது பர்மா உளுந்து சார்.” மியான்மரிலிருந்துதான் இந்தியா உளுந்தைப் பெருமளவு இறக்குமதி செய்கிறது, அங்கே ஒரு மழை தவறினால் இங்கே மெதுவடை சிறுத்துவிடும். சீரகம்? குஜராத், உஞ்சா சந்தை. மிளகு? குடகோ வயநாடோ. சுக்கு? கொச்சி. பெருங்காயம்? கடைக்காரர் சிரித்தார். டப்பா நம்ம ஊரில் தயாரானதுதான். உள்ளே இருக்கும் பால் ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான். வருடத்துக்கு ஏறக்குறைய 1,200 டன் பெருங்காயப் பாலை இந்தியா வெளியிலிருந்து வாங்குவதாகக் கணக்கு. உலகத்திலேயே அதிகமாகப் பெருங்காயம் தின்கிற நாட்டில் 2020 வரைக்கும் பெருங்காயச் செடி வணிகத்துக்கு விளைந்ததில்லை. அந்த வருடம் அக்டோபர் 15-இல் பாலம்பூர் இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிறுவனம், இமாசலப் பிரதேசத்து லாஹுல் பள்ளத்தாக்கில் முதல் நாற்றை நட்டது. நட்ட செடியிலிருந்து பால் எடுக்க ஐந்து வருடத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும்.

ஆக, காஞ்சிபுரத்தின் பெயரை ஊர் ஊராகச் சுமக்கும் இட்லிக்குள் பர்மா, குஜராத், குடகு, கேரளம், காபூல். வட்டத்துக்கு வெளியே ஒரு சிறு ஐக்கிய நாடுகள் சபையே வெந்துகொண்டிருக்கிறது. முகம் தொங்கிப்போய் வீடு திரும்பிய மருமகனைப் பார்த்து மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“பட்டுப் பொடவை எந்த ஊருது?”

“காஞ்சிபுரம்.”

“பட்டு எங்கேர்ந்து வருது?”

கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை? சூரத்திலிருந்து. காஞ்சிபுரத்திலேயே 1971 முதல் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் இருந்தாலும் சூரத் சரக்குக்கு இங்கே கிராக்கி போகவில்லை. சாயம் ஏதோ ஒரு தொழிற்சாலை. இத்தனைக்குப் பிறகும் 2005-06-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள் என்று மாமா தன் குழித்தறியைக் காட்டி விளக்கினார். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைக்கு வேறு நாடா; மூன்றையும் ஒவ்வோர் இழையிலும் பூட்டிக்கொண்டே போகும் கோர்வை வேலை. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள ஓர் ஆள் வேண்டும். உடலையும் முந்தியையும் சேர்க்கிற இடத்தில் பேட்னி. பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். பிழைத்தால் புடவை அங்கேயே சொல்லிக்கொடுத்துவிடும். “இத பெங்களூர்ல செய்யச் சொல்லு பாக்கலாம்” என்றார். நூல் எந்த ஊரோ, அது இந்த ஊர்த் தண்ணீரில் நனைந்து, இந்த ஊர் வெயிலில் காய்ந்தது. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும்போது அதற்குத் தருவதும் அரிசிக் கஞ்சிதான். செவிலிமேட்டில் உள்ளூர்ச் சோற்றை முதலில் ருசிப்பது கர்நாடகத்துப் பட்டுநூல் என்பதைக் கட்டுரைக்காரர் குறித்துக்கொண்டார்.

வெளியூர்க்காரர்கள் இந்த ஊரைக் குறித்துக்கொள்வது புதிதில்லை. ஏழாம் நூற்றாண்டில், பல்லவர் காலத்தில், சீனத்திலிருந்து யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். மண் வளமானது, தானியம் நிறைய விளைகிறது, பூவும் கனியும் ஏராளம், வெயில் அதிகம், மக்கள் நேர்மையானவர்கள், படிப்பில் ஆசை உள்ளவர்கள் என்று எழுதினார். வெயிலைப் பற்றி மட்டும் இன்றுவரை யாரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை. அதே யுவான் சுவாங், இந்தியர்களிடம் ஆவியில் வேகவைக்கும் பாத்திரம் கிடையாது என்றும் எழுதிவைத்தார். உணவு வரலாற்றாசிரியர் கே. டி. அச்சயா இதைப் பிடித்துக்கொண்டார். இட்லி பற்றிய பழைய குறிப்பு கன்னடத்தில் ஏறக்குறைய 920-இல் எழுதப்பட்ட ‘வட்டாராதனெ’யில் இருக்கிறது, அதில் உளுந்து உண்டு, அரிசி இல்லை, ஆவியும் தெளிவாக இல்லை. ஆகவே இந்தோனேசியத்து இந்து அரசர்களின் சமையற்காரர்கள் கொண்டுவந்த வித்தையாக இருக்கலாம் என்பது அவர் ஊகம். கொதிக்கும் பானையின் வாயில் துணியைக் கட்டினால் ஆவி வந்துவிடாதா என்று எதிர்க்கட்சி கேட்கிறது. அத்தையும் அதே கட்சி. “பானையும் ஈரத் துணியும் இருந்தா போதாதா? அந்தச் சீனாக்காரரு நம்ம வீட்டு அடுப்பங்கரைக்கு வந்தாரா?” என்றார். பௌத்த மடங்களைச் சுற்றிய துறவி பெண்கள் சமைக்கும் இடத்தை எட்டிப் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு என்ற அளவில் இது நல்ல வாதம். அச்சயாவுக்கு எதிராக எழுதப்பட்ட சில கட்டுரைகளைவிட நல்ல வாதம்.

அன்று மதியம் அத்தை போட்ட சாப்பாட்டை எந்த ஓட்டல் பலகையிலும் எழுத மாட்டார்கள். ஆடி மாதம். வடமாவட்டத்தில் அம்மன் கோயிலுக்குக் கோயில் கூழ் வார்க்கும் பருவம். காலையில் கரைத்துவைத்த கேழ்வரகுக் கூழ், நொய்யரிசி சேர்த்தது. தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு. கொல்லையில் நிற்கும் முருங்கையிலிருந்து பறித்த கீரைப் பொரியல். முருங்கை மரத்தின் சொந்த ஊர் வடமேற்கு இமயமலை அடிவாரம் என்று கட்டுரைக்காரருக்குத் தெரியும், சொல்லவில்லை. கேழ்வரகு ஆப்பிரிக்காவில் பிறந்து பல ஆயிரம் வருடம் முன்பு இங்கே குடியேறியது என்பதும் தெரியும், அதையும் சொல்லவில்லை. வாய் நிறையக் கூழ் இருந்தது ஒரு காரணம். சாப்பிட்டதும் காபி வந்தது. சிக்கரி குஜராத்தில் விளைகிறது என்று சொல்ல வாயெடுத்தபோது அத்தை பார்த்த பார்வையில் அதுவும் உள்ளே போய்விட்டது.

புறப்படும்போது குடலை இட்லி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார். அது மந்தாரை மணத்தோடு சென்னைக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பெங்களூர்க்காரர். ஒரு வில்லை கொடுத்ததும் வாயில் போட்டுக் கண்ணை மூடினார். பிறகு கண்ணைத் திறந்து கணக்குப் போட ஆரம்பித்தார்.

“பட்டு எங்களுது. பாலாறு எங்களுது. இட்லியை முதல்ல எழுதினது எங்க பாஷை. இந்த மிளகும் எங்க குடகுதான். அப்புறம் காஞ்சிபுரத்துக்கு மிச்சம் என்ன சார்?”

“செஞ்ச கை” என்று கட்டுரைக்காரர் சொல்லலாம் என்று இருந்தார். அதற்குள் அவர் மனைவி உள்ளேயிருந்து, “பெருங்காயம்னு சொல்லிடாதீங்க, அது ஆப்கானிஸ்தான்!” என்று குரல் கொடுத்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. இலையில் ஒட்டியிருந்ததை வழித்துத் தின்றுவிட்டு, அடுத்த சனிக்கிழமை காஞ்சிபுரத்துக்குப் போக முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.